அரூரில் ஒரு கடலோரச் சுவர்

போனை வைத்த பிறகுதான் தீர்த்தகிரிக்கு உறைத்தது, தன் வாழ்நாளில் ஒரு சுண்ணாம்புச் சுவர்கூடத் தான் பூசியதில்லை என்பது.

போனில் பேசியவர் நிர்மலாதேவி என்ற பொறியாளர் அம்மாள். கடற்கரையோரம் பாழடைந்து கிடக்கும் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடங்களைப் பழுதுபார்த்து, ஓட்டலாகவும் மண்டபமாகவும் மாற்றித் தருகிற கம்பெனியில் அவர் பெரிய பதவியில் இருந்தார். பேச்சு சுருக்கமாகத்தான் இருந்தது.

"சின்னராஜோட சகலை நீங்கதானே? அவர்தான் உங்க பேரைச் சொன்னாரு. சுண்ணாம்பு வேலை சம்பந்தமா உங்ககிட்ட நேர்ல பேசணும். மாசக் கடைசியில அரூர் வரோம். நீங்க பூசின சுவர் ஏதாவது இருந்தா அதையும் காட்டுங்க."

"இருக்குதுங்க மேடம். தாராளமா வந்து பாருங்க" என்று தீர்த்தகிரி சொல்லிவிட்டார். சின்னராஜ் என்ற பெயர் காதில் விழுந்துவிட்டால் போதும், அவருடைய வாய் அவரைக் கேட்காமலேயே பேச ஆரம்பித்துவிடும்.

சின்னராஜ், தீர்த்தகிரியின் மனைவி கலைமணியின் தங்கை அன்பரசியைக் கட்டியவர். கல்யாணமான புதிதில் வெள்ளையடிக்கிற வேலைதான் பார்த்துக்கொண்டிருந்தார். தீர்த்தகிரியோ அப்போதே அரூரில் பேர் சொல்லும் கான்ட்ராக்டர். பாவம் பார்த்து, தான் கட்டிய மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்கு வெள்ளையடிக்கிற வேலையை அவர்தான் சகலைக்குக் கொடுத்தார். மாமியார் வீட்டில் விருந்து என்றால் முதல் கறித்துண்டு தீர்த்தகிரி இலையில்தான் விழும். சின்னராஜ் பந்தியின் கடைசியில் உட்கார்ந்து, "அண்ணா சாப்பிடுங்க, அண்ணா சாப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார். உலகம் அதனதன் இடத்தில் சரியாக இருந்த காலம் அது.

பிறகு சின்னராஜ் ஏதோ ஒரு வேலைக் கோஷ்டியோடு நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு பழைய துறைமுக ஊருக்குப் போனார். போனவர் போனவர்தான். அங்கே கடலைப் பார்த்த மாதிரி ஒரு சுங்க பங்களா, கூரை விழுந்து, உள்ளே வேலிக்காத்தான் முளைத்துக் கிடந்திருக்கிறது. அதைத் தூக்கி நிறுத்தி ஓட்டலாக மாற்றுகிற வேலையில் பூச்சு முழுவதும் சின்னராஜ் கையில். வேலை முடிந்ததும் பேப்பரில் படம் வந்துவிட்டது.

படத்தில் வரிசையாக வளைவுகள், உருண்டைத் தூண்கள், பின்னால் நீலமாகக் கடல். எல்லாவற்றுக்கும் முன்னால் வெள்ளைச் சட்டையில் சின்னராஜ், கையில் ஒரு நீளமான கழியோடு.

கலைமணி அந்தப் படத்தை வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாள். அன்றிலிருந்து தீர்த்தகிரி ஒரு டம்ளர் மோர் குடிக்க வேண்டுமென்றாலும் சகலையின் முகத்தைப் பிடித்துத் திறக்க வேண்டியிருந்தது. வெயில் காலத்தில் அரூரில் ஒரு மனிதனுக்கு எத்தனை தரம் தாகம் எடுக்கும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும்.

பொறாமை என்றால் அப்படியொரு பொறாமை. தீர்த்தகிரி அதை மறைக்கவும் இல்லை. அவர் கட்டிய ரேஷன் கடை நின்றுகொண்டிருந்தது, கழிப்பறை நின்றுகொண்டிருந்தது, தண்ணீர்த் தொட்டி ஊருக்கே தெரிகிற மாதிரி நின்றுகொண்டிருந்தது. அதையெல்லாம் கலைமணி ஒரு நாளாவது போட்டோ எடுத்தாளா? கேட்டால், "தண்ணித் தொட்டிய என்னான்னுங்க போட்டோ புடிக்கறது" என்பாள். அன்பரசி அனுப்பிய சங்கு ஒன்று டிவி மேல் குடியேறியிருந்தது. பொங்கலுக்கு மாமியார் முதல் கறித்துண்டைக் கடல் பக்கம் இருந்து வந்த சகலையின் இலையில் போட்டார். அன்று தீர்த்தகிரி ரசத்துக்கு முன்னாலேயே இலையை மூடிவிட்டார்.

அந்தப் படத்தில் அவரை மிகவும் உறுத்தியது அந்தக் கழிதான். அளவு பார்க்கிற கழியா? இவ்வளவு பெரிய வேலைக்குத் தலைவர் என்று காட்டுகிற கழியா? எதுவாக இருந்தாலும் தன்னிடம் அது இல்லை. தச்சரிடம் போய்த் தேக்கில் ஒன்று கடைந்து, முனையில் பித்தளைப் பூண் போட்டு வாங்கிக்கொண்டார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் இன்னொரு கழிப்பறை வேலையை மேற்பார்வை பார்க்கப் போனபோது ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இந்த நிலைமையில்தான் போன் வந்தது.

"கம்பெனிக்காரங்க இன்னொரு ஆள் தேடறாங்களாம். போன வாரம் அன்பரசி சொன்னா" என்றாள் கலைமணி. "அங்க பழைய உப்புக் கிடங்கு ஒண்ணு இருக்குதாம். அத்தக் கல்யாண மண்டபமா மாத்தறாங்களாம். வேலை அவ்ளோ கெடக்குது போல, தம்பி ஒருத்தரால ஆவல."

"ஒருத்தரால ஆவலைன்னா சொல்றே? அவனால ஆவலைன்னு சொல்லு."

"நல்ல மனசு பாருங்க. உங்க பேரச் சொல்லியிருக்காரு."

தீர்த்தகிரிக்கு அதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. வேலை வருவது சந்தோஷம். உப்புக் கிடங்கு முன்னால் தான் நின்று படம் எடுத்து, அதைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜில் சின்னராஜ் மேலேயே ஒட்டுவது பெரும் சந்தோஷம். ஆனால் அது சின்னராஜ் பார்த்து வாங்கிக் கொடுத்த வேலை என்று ஆகிவிட்டால்? மாமியார் வீட்டில் இனி தனக்கு எலும்புதான். வேலை தன் சொந்தத் திறமையில் வந்ததாக இருக்க வேண்டும். அதற்கு முதலில் திறமை வேண்டும்.

வீட்டை ஒட்டி அவருக்கு ஒரு காலி மனை இருந்தது. சென்ட்ரிங் பலகைகளும் ஜல்லியும் கிடக்கிற இடம். அங்கே ஒரு மாதிரிச் சுவரை எழுப்பிவிடுவது என்று முடிவு செய்தார். தன்னிடம் வெகுகாலமாக வேலை பார்க்கும் கொத்தனார் ஆண்டியைக் கூப்பிட்டு, பேப்பர் படத்தைச் செல்போனில் காட்டி, அதே மாதிரி ஒரு வளைவும் இரண்டு தூணும் வைத்துச் செங்கல்லில் கட்டச் சொன்னார். ஆண்டி அச்சு அசலாகக் கட்டினார். ஒரே ஒரு வித்தியாசம், பங்களா வளைவுக்குள்ளே கடல் தெரிந்தது. இந்த வளைவுக்குள்ளே பக்கத்து வீட்டு ராமக்காளின் மாட்டுக் கொட்டகை தெரிந்தது.

இனிப் பூச்சு. சிமெண்டு என்றால் தீர்த்தகிரி தூக்கத்திலும் கலப்பார். சுண்ணாம்புக்கு என்ன பக்குவம் என்று யாரைக் கேட்பது? சின்னராஜைக் கேட்பதைவிட வேலையே வேண்டாம் என்று இருந்துவிடலாம்.

"உன் தங்கச்சிகிட்ட சும்மா பேச்சுவாக்குல கேளு" என்று கலைமணியிடம் சொல்லிவிட்டு, அவள் வீடியோ காலில் உட்கார்ந்ததும் பேப்பர் படிக்கிற மாதிரி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அன்பரசி வழக்கம்போலக் கடலைக் காட்டினாள். எப்போது பேசினாலும் கடலைத்தான் காட்டுவாள். "செவுத்தக் கொஞ்சம் காட்டும்மா" என்று தீர்த்தகிரி பேப்பருக்குப் பின்னால் இருந்து கேட்டால், "கடலைப் பாருங்க மாமா, எவ்ளோ அழகா இருக்குது" என்று போனைத் திருப்பிக்கொள்வாள். பின்னால் எங்கோ ஆடு கத்துகிற சத்தம் கேட்கும்.

கலைமணி பேச்சைப் பூச்சுக்குக் கொண்டுவந்தாள். அன்பரசியும் விவரமாகச் சொன்னாள். கடுக்காயையும் வெல்லத்தையும் தண்ணீரில் நாள் கணக்கில் ஊறவைக்க வேண்டும். புளித்து நுரை கட்டியதும் அந்தத் தண்ணீரை விட்டுச் சுண்ணாம்பையும் மணலையும் குழைக்க வேண்டும்.

"அப்புறம் அவரோட ரகசியம் ஒண்ணு இருக்குதுக்கா. வெளிய சொல்லிறாத. கடக்கரை மணலையே அள்ளி, கடல் தண்ணியிலயே எல்லாத்தையும் ஊறப்போட்டுக் கலப்பாரு. கடலோரத்துக் கட்டடம் கடல் தண்ணியிலதான் நிக்கும்பாரு."

தீர்த்தகிரி பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார் என்பதைக் கலைமணிதான் பிறகு சொன்னாள்.

கடுக்காய் சித்தேரி மலையிலிருந்து அரூர்ச் சந்தைக்கே வருகிறது. வெல்லத்துக்கும் பஞ்சமில்லை. கடல்தான் அரூரில் கிடைக்காத பொருள். தீர்த்தகிரி கல்லுப்பு மூட்டைகளை இறக்கிக் கடலைத் தானே தயார் செய்தார். டிரம் டிரம்மாகத் தண்ணீர் பிடித்து, உப்பைக் கொட்டி, தேக்குக் கழியால் கலக்கி, விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். சின்ன வயதில் சென்னைக்குப் போனபோது ஓர் அலை வாய்க்குள் வந்த ஞாபகம் இருந்தது. அந்த ருசி வரும்வரை உப்பைக் கொட்டினார். பிறகு ஒரு மூட்டை கூடவே போட்டார். சின்னராஜ் கடலைவிடத் தன் கடல் கொஞ்சம் உசத்தியாக இருக்கட்டும் என்ற எண்ணம்.

கடுக்காயையும் வெல்லத்தையும் அதில் கொட்டியபோது ஆண்டி பக்கத்தில் நின்று மரியாதையாக ஒரு சந்தேகம் கேட்டார்.

"உப்பு ஆச்சு, இனிப்பு ஆச்சு, தொவர்ப்பும் ஆச்சுங்க. காரம் போடறதில்லீங்களா?"

"கடலோர முறையப் பத்தி உனக்கு என்னய்யா தெரியும்" என்று தீர்த்தகிரி கழியைத் தட்டினார்.

சில நாட்களில் டிரம்கள் புளித்து நுரை தள்ள ஆரம்பித்தன. நுரையைவிட வேகமாக வாசனை புறப்பட்டது. வெல்லமும் கடுக்காயும் சேர்ந்து ஊறினால் என்ன வாசனை வரும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மலையடிவாரத்தில் திருட்டுச் சாராயத்துக்குப் போடுகிற ஊறலும் ஏறக்குறைய இதே சரக்குதான். காலையில் எழுந்து நடந்தே பழக்கமில்லாத ஆட்கள் எல்லாம் காலி மனைப் பக்கம் நடைப்பயிற்சிக்கு வந்தார்கள். ஒருவர் வேலி ஓரமாக நின்று, "எப்பங்க எறக்கறீங்க?" என்று கௌரவமாகவே விசாரித்துவிட்டுப் போனார்.

கலைமணிக்கு மானம் போயிற்று. "நாலு பேரு மூஞ்சியில முழிக்க முடியல. கோயிலுக்குப் போனா ஒதுங்கி நிக்கறாங்க. இந்தக் கருமத்த எங்கியாச்சும் கொண்டுபோயித் தொலைங்க" என்றாள்.

தீர்த்தகிரி டிரம்களை எல்லாம் மனையின் பின்கோடிக்கு உருட்டி, வாயைக் கோணிப்பையால் இறுக்கிக் கட்டி, மேலே வைக்கோல் போர்த்தி மறைத்தார். சாராயம் காய்ச்சுகிறவர்களும் அதைத்தான் அப்படியே செய்வார்கள் என்பது அவருக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. ஏட்டு மாதுவுக்குத் தோன்றியது.

ஏட்டு வைக்கோலை விலக்கினார், கோணியை அவிழ்த்தார், முகர்ந்து பார்த்தார். முகத்தில் ஓர் ஆழ்ந்த வருத்தம் வந்தது.

"ஏங்க கான்ட்ராக்டரே, தொழில் நல்லாத்தானே போயிகிட்டிருந்துச்சு?"

"ஐயோ, இது குடிக்கறதுக்கு இல்லீங்க. செவுத்துக்கு."

"புடிச்ச எல்லாரும் ஒவ்வொண்ணு சொல்லுவாங்க. மாட்டுக்குன்னுவாங்க, உரத்துக்குன்னுவாங்க. செவுத்துக்குன்னு நீங்கதான் மொதல்ல சொல்றீங்க." ஏட்டு விரலை விட்டு நாக்கில் வைத்தார். உடனே துப்பினார். மறுபடி வைத்துப் பார்த்தார். "உப்புக் கரிக்குதேங்க. இத எவன் குடிப்பான்?"

"அதத்தாங்க நானும் சொல்றேன்."

 ஏட்டு ஒரு முக்காலியைக் கேட்டு வாங்கி, நிழலில் போட்டு உட்கார்ந்தார். "செவுத்துக்குன்னா செவுத்துல போடுங்க. நான் பாத்துட்டுத்தான் போவேன். டிரம்முல ஒரு சொட்டு மிச்சம் நின்னாலும் கேஸ் எழுதிருவேன்."

இன்னும் ஊற வேண்டிய தண்ணீர். ஒரு மண்டபத்துக்கே போதுமான தண்ணீர். அத்தனையும் ஒரே சுவருக்கு என்று ஆகிவிட்டது. ஆண்டி குழைக்கக் குழைக்க, அது சாந்தாக இல்லாமல் கஞ்சியாக ஓடியது. கெட்டியாக்கச் சுண்ணாம்பைக் கொட்டினார்கள். சுண்ணாம்பு கூடியதும் தண்ணீரைக் கொட்டினார்கள். ஒரு பூச்சு பூசி, அதன் மேல் இன்னொரு பூச்சு பூசி, அதற்கும் மேல் பூசி, தூண் இரண்டும் கர்ப்பிணிகள்போல வயிறு தள்ளி நின்றன. கடைசி டிரம்மைக் கவிழ்த்துக் காட்டியதும் ஏட்டு எழுந்து, சுவரைச் சுற்றி வந்து பார்த்து, அதன் முன்னால் நின்று ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் சுவர் சிவப்பாக இருந்தது. எறும்பு. அந்தத் தெருவில் இருந்தவை போதாதென்று எங்கெங்கோ இருந்தெல்லாம் சாரி சாரியாக வந்துகொண்டிருந்தன. வெல்லப் பூச்சு அவற்றுக்கு என்ன சேதி அனுப்பியதோ தெரியவில்லை.

ஆண்டி எறும்புப் பொடி தூவலாம் என்றார். தீர்த்தகிரி ஒத்துக்கொள்ளவில்லை. வருகிற அம்மாள் இயற்கை முறைக்காரர். பொடி வாசனை வந்தால் எல்லாம் பாழ். அவருக்கு ஒரு யோசனை உதித்தது. மிச்சமிருந்த உப்பு மூட்டைகளைக் கரைத்து, பிசுக்கென்று இருக்கிற அந்த நீரை வெள்ளையடிக்கிற மட்டையால் சுவர் முழுக்க அடிக்கச் சொன்னார். எறும்புகள் பின்வாங்கின. வெயிலில் காய்ந்ததும் சுவர் மேல் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்து மினுமினுத்தது.

தீர்த்தகிரி தள்ளி நின்று பார்த்தார். நெஞ்சு நிறைந்துவிட்டது. வெயிலில் அந்த மினுமினுப்பு, அந்த வளைவு, அந்தத் தூண்கள், அப்படியே சமுத்திரக் கரைதான். சின்னராஜின் பங்களா இந்த அளவுக்கு எங்கே மின்னியது? பேப்பர்ப் படத்தில் மங்கலாகத்தான் இருந்தது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தேக்குக் கழியை ஊன்றி, சுவருக்கு முன்னால் நின்று, கலைமணியைப் போட்டோ எடுக்கச் சொன்னார்.

"இத ஃபிரிட்ஜுல ஒட்டு."

"வேலை கெடைக்கட்டும், ஒட்டலாம்" என்றாள் கலைமணி. அவள் சொன்ன தோரணையில் தீர்த்தகிரிக்கு ராத்திரிச் சாப்பாடு ருசிக்கவில்லை.

சொன்ன நாளில் நிர்மலாதேவி வந்தார். போன் வழிகாட்டினால் அந்தத் தெருவுக்குக் கார்கள் சுடுகாட்டு வழியாக வந்து சேரும் என்பதால், தீர்த்தகிரி தீர்த்தமலை ரோட்டு டீக்கடை வரைக்கும் தானே போய் எதிர்கொண்டார். டிரைவர் பக்கத்துச் சீட்டில் கழியை முழங்காலுக்கு இடையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டிரைவர் அந்தக் கழியைப் பார்த்தார், தீர்த்தகிரியைப் பார்த்தார், மறுபடி கழியைப் பார்த்தார்.

"நீங்களும் கம்பு வச்சிருக்கீங்க சார்" என்றார்.

"தலைமைப் பொறுப்புல இருந்தா வேணுமுல்லீங்களா" என்றார் தீர்த்தகிரி.

கார் காலி மனையை நெருங்கும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. சுவருக்கு முன்னால் கூட்டம். மனிதக் கூட்டம் அல்ல. ராமக்காளின் மாடுகள் கட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து வரிசையாக நின்றிருந்தன. பசுக்கள், கன்றுகள், வழியில் போன யாரோ ஒருவரின் காளை. எல்லாம் ஒரே மனதாகச் சுவரை நக்கிக்கொண்டிருந்தன. மாட்டின் நாக்கு எட்டுகிற உயரம் வரை செங்கல் வெளியே தெரிந்தது. ஒரு தூணின் வயிறு போய் இடுப்பு வந்திருந்தது. வளைவுக்குள்ளே கடல் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எருமை தலையை விட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தையும் கவனித்துக்கொண்டிருந்தது.

தீர்த்தகிரி காரிலிருந்து குதித்து, கழியை ஓங்கிக்கொண்டு ஓடினார். இந்தக் கோடியில் விரட்டினால் மாடுகள் அந்தக் கோடிக்குப் போயின. அந்தக் கோடியில் விரட்டினால் இந்தக் கோடிக்கு வந்தன. பித்தளைப் பூண் கழன்று எங்கோ விழுந்தது.

"ராமக்கா, மாட்ட ஓட்டிகிட்டுப் போ. பெரியவங்க வந்திருக்காங்க" என்று மூச்சு வாங்கக் கெஞ்சினார்.

ராமக்காள் இடுப்பில் கை வைத்து நின்றாள். "எம் மாடு அதும்பாட்டுக்குக் கெடந்துதுங்க. செவுத்துல தீனிய அப்பி வெச்சுட்டு என்னியச் சொல்றீங்களே. பால் கறக்க வுட மாட்டேங்குதுங்க, காலையிலருந்து."

நிர்மலாதேவி காரை விட்டு இறங்கினார். தீர்த்தகிரி அவர் முகத்தைப் பார்க்கப் பயந்தார். ஆனால் அந்த முகத்தில் அதிர்ச்சி எதுவும் இல்லை. மாடு சுவரை நக்குவதை எத்தனையோ தரம் பார்த்தவர்போல நிதானமாக நடந்துவந்து, ஒரு பசுவைத் தட்டி ஒதுக்கிவிட்டு, பூச்சைத் தொட்டு, விரலை நாக்கில் வைத்தார்.

"உப்பு" என்றார்.

தீர்த்தகிரிக்குத் தெம்பு வந்தது. கோபப்படவில்லை, ருசி பார்க்கிறார். இதுதான் சமயம்.

"கடல் அளவு உப்புங்க மேடம். வெல்லம், கடுக்கா, எல்லாம் இயற்கை. சிமெண்டுச் செவுத்த ஒரு மாடு நக்குமுங்களா? வாயில்லா ஜீவனுக்கே தெரியுது பாருங்க, எது நல்லதுன்னு."

அம்மாள் செங்கல் தெரிந்த இடத்தில் பூச்சின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கலைமணி காப்பித் தட்டோடு வந்து நின்றாள். தூரத்தில் ஆண்டி எதற்கும் பொறுப்பில்லாதவர்போலப் பலகைகளை அடுக்கினார்.

"கடல் தண்ணியில குழைக்கறது, உப்பு மணலைக் கழுவாம போடறது. இதே முறையிலதான் சின்னராஜ் அங்க சுங்க பங்களாவுக்குப் பூசினாரு" என்றார் நிர்மலாதேவி. "இது அவர்கிட்ட நீங்க கத்துக்கிட்டதா?"

காப்பித் தட்டோடு கலைமணி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் ஃபிரிட்ஜ் கதவு தெரிந்தது. மாமியார் கையிலிருந்த கரண்டி தெரிந்தது. வேலை கையில் விழப்போகிற நேரத்தில், அதுவும் சின்னராஜ் போட்ட பிச்சை என்று ஆகிவிடுவதா?

"அவங்கிட்ட நானா?" தீர்த்தகிரி சிரித்தார். "நல்லாக் கேட்டீங்க மேடம். அவனுக்குச் சொல்லிக் குடுத்ததே நாந்தாங்க. சுண்ணாம்புன்னா என்னா, சோறான்னு கேட்ட பய. என் தண்ணித் தொட்டிக்கு வெள்ளையடிக்க வந்தப்ப, கையப் புடிச்சு நான் காட்டிக் குடுத்தது. உப்பு, வெல்லம், எல்லா அளவும் என்னோட அளவு."

கலைமணி வாயைத் திறந்தாள். தீர்த்தகிரி அவளை ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டாள்.

"நிச்சயமாத் தெரியுமா? அந்த பங்களாவுல அவர் பூசினது முழுக்க நீங்க சொல்லிக் கொடுத்த முறைதானா?"

"முழுக்க முழுக்க. அவன் சொந்தமா ஒரு கரண்டி போட்டிருக்க மாட்டான்."

"தேவைப்பட்டா எங்க கம்பெனி ஆளுங்க முன்னாடி இதைச் சொல்வீங்களா?"

"எங்க வேணாலும் வந்து சொல்றேனுங்க. மைக்கு வெச்சுக் குடுத்தாலும் சொல்றேன்."

நிர்மலாதேவி தலையை ஆட்டினார். "ரொம்ப நன்றிங்க. இது ஒண்ணு உறுதியாத் தெரிஞ்சுக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்." காப்பியை மரியாதைக்கு இரண்டு வாய் குடித்தார். கலைமணியிடம் சொல்லிக்கொண்டு காரில் ஏறி, யாருக்கோ போன் போட்டுப் பேச ஆரம்பித்தார்.

தீர்த்தகிரிக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனை நாள் நெஞ்சில் கனன்றுகொண்டிருந்தது எல்லாம் ஒரே நொடியில் குளிர்ந்துவிட்டது. சுவர் போனால் போகட்டும். உப்புக் கிடங்கு வேலைக்குச் சின்னராஜைத் தனக்குக் கீழே வைத்துக்கொள்வது, வெள்ளையடிக்கிற மட்டையை மறுபடி அவர் கையில் கொடுப்பது என்று மளமளவென்று தீர்மானங்கள் நிறைவேறின. கலைமணி பக்கம் திரும்பி, "அந்தப் போட்டோவப் பெருசா பிரிண்ட் போட்டு வெய்யி" என்றார்.

கலைமணி நிஜமாகவே முகம் மலர்ந்து தலையாட்டினாள். கல்யாணமாகி எத்தனையோ வருஷமாக அவர் பார்க்காத மலர்ச்சி.

டிரைவர் கார்க் கதவைத் திறந்துகொண்டே, மாடுகளைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். தீர்த்தகிரி கழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போய், தணிந்த குரலில், "ஏன் தம்பி, வேலை எப்ப ஆரம்பிப்பாங்க?" என்று கேட்டார்.

"வேலையா? ஆடுங்க பங்களாச் செவத்தையெல்லாம் இதே மாதிரி நக்கித் தீத்தப்ப, சின்னராஜ் சாரும் கையில கம்பு வச்சு வெரட்டிக்கிட்டே, 'எனக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்ததே எங்க சகலைதான்'னு சொன்னாரு சார்; தப்பிச்சுக்கறதுக்குப் பழிய உங்க மேல போடறாருன்னு மேடம் நம்பவே இல்ல, அதான் உங்க வாயாலயே கேட்டுட்டுப் போகலாம்னு வந்தாங்க."